வேதவல்லிக்கு வந்த போன்

பதினேழா உன் டோக்கன்? அப்ப எங்களுக்கு அப்பாலதான் நீ. குந்துக்கா, இடம் இருக்குது. டாக்டரம்மா இன்னும் வரல. வந்தாலும் மொதல்ல வெயிட்டு பாப்பாங்க, அப்பால அட்டையப் பாப்பாங்க, அதுக்கப்புறம்தான் மாத்திரை. அவசரப்பட்டு ஒண்ணும் ஆவப் போறதில்ல.

கையில இன்னா, சளி டப்பாவா? மூடிய நல்லா திருகி வெச்சுக்கோ. பயப்படாத. இது சாவற வியாதி இல்ல. ஆறு மாசம் மாத்திரைய வுடாம தின்னா சரியாப்பூடும். தோ, ஜன்னலாண்ட செவப்பு துப்பட்டா போட்டுனு நிக்குதே, அதான் என் பொண்ணு தர்ஷினி. கழுத்துல கட்டி வந்து எச்சி முழுங்கவே கஷ்டப்பட்டா. மூணு மாசமா மாத்திரை தின்னுறா, கட்டி பாதி கரைஞ்சிடுச்சு. நாலு கிலோ ஏறியிருக்கா. கூப்ட்டாலும் இங்க வந்து குந்த மாட்டா. பதினஞ்சு வயசு, அந்த வயசுல எல்லாம் அப்படித்தான்.

எங்கருந்து ஒட்டுச்சுன்னு கேக்கறியா? என் நாத்தனார் கிட்டருந்து. எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி, வேதவல்லி. போன ஆனி மாசம் செத்துப் போயிட்டா. தெருவுல எல்லாரும் கொரோனாவுல போயிட்டான்னு சொல்லினு கீறாங்க. கொரோனா இல்லக்கா. ரெண்டு வாட்டி மூக்குல குச்சி வுட்டுப் பாத்தாங்க, ரெண்டு வாட்டியும் இல்லன்னுதான் வந்துச்சு. இதே டிபிதான். நீ தின்னப் போறியே அதே மாத்திரையத் தின்னிருந்தா இன்னைக்கு இங்க என் பக்கத்துல குந்தினு இருப்பா.

எங்க வூடு புளியந்தோப்பாண்ட, கால்வா ஓரம். ஒரு ரூமு, ஒரு சின்ன அடுப்பங்கரை. தண்ணிக் கொழாயும் கக்கூசும் வெளிய, பன்னெண்டு வூட்டுக்கும் பொது. எங்க வூட்டுக்காரரு ஏகாம்பரம் மீன்பாடி வண்டி ஓட்டறாரு, மூணு சக்கர வண்டி, இரும்புக் கடைக்கு சரக்கு ஏத்துவாரு. நான் புரசைவாக்கத்துல மூணு வூட்ல பாத்திரம் கழுவறேன். வேதாவத் திருவள்ளூர் பக்கம் கட்டிக் குடுத்தோம். ரெண்டே வருஷம், அவன் வேற ஒருத்தியக் கூட்டினு போயிட்டான். இவ ஒரு டிரங்குப் பொட்டியோட வந்து நின்னா. வந்து ஒம்போது வருஷம். நான் ஒரு நாளும் மொகம் சுளிச்சதில்லக்கா. ஒரு ரூமுல நாலு பேரு, புருஷன் பொண்டாட்டி ஒரு வார்த்த பேச முடியாது, அதக்கூட நான் சொல்லிக் காட்டினதில்ல. ஒண்ணு ரெண்டு வாட்டி சொல்லியிருப்பேன். யாருதான் சொல்ல மாட்டாங்க.

நல்ல பொண்ணுதான். செருப்புக் கம்பெனியில பசை ஒட்டற வேல. வாரக் கூலிய அப்படியே என் கையில குடுப்பா. தர்ஷினிக்கு ரெட்டை ஜடை பின்னி ரிப்பன் கட்றது அவதான், படுக்கறதும் அவகூடதான். என்கிட்ட சொல்லாதத எல்லாம் பொண்ணு அவ அத்தைகிட்ட சொல்லுவா.

மாசி மாசத்துல இரும ஆரம்பிச்சா. பசை நெடி ஒத்துக்கலைன்னா. ஒரு நாளு கம்பெனிக்கு லீவு போட்டுட்டு எங்கியோ போயிட்டு கவர் நெறைய மாத்திரையோட வந்தா. இன்னாடி இதுன்னு கேட்டதுக்கு, ரத்தம் கம்மியா இருக்குதாம் அண்ணி, சத்து மாத்திரைன்னா. ஒண்ணுக்கு செவப்பா போவுதேடின்னு நானே பாத்துட்டுக் கேட்டேன். சத்து மாத்திரை தின்னா அப்படித்தானாம்னு சொல்லிட்டா. நான் இன்னா டாக்டருக்கா படிச்சேன்? இப்ப என் பொண்ணுக்கும் அதே செவப்புதான் போவுது. இப்பத்தான் எனக்குத் தெரியுது.

டிபின்னு அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் இன்னா தொரத்தியா வுட்டிருப்பேன்? தட்டத் தனியா வெச்சிருப்பேன். பாயத் தனியா போட்டிருப்பேன். வயசுப் பொண்ணு இருக்கற வூடு, அதக்கூடவா செய்யக் கூடாது? அதுக்கு பயந்துனு மறைச்சிருக்கா. செத்தவளக் குத்தம் சொல்லக் கூடாது. ஆனா மனசுல பட்டதச் சொல்றேன்.

அப்பால பங்குனியில எல்லாத்தையும் மூடிட்டாங்க. உனக்குத் தெரியாததா. வண்டி ஓடல, கம்பெனி மூடிட்டான், மூணு வூட்டு அம்மாவும் ஒரே நாள்ல போன் பண்ணி வராதன்னுட்டாங்க. ரேஷன் அரிசியில ஓட்டினோம். வேதா நல்லாத்தான் இருந்தா. இருமல் நின்னு கன்னத்துல கொஞ்சம் சதை வெச்சிருந்துச்சு. சத்து மாத்திரை வேல செய்யுதுடின்னு நான்கூட சொன்னேன், சிரிச்சா. சித்திரை பொறக்கறப்போ அந்தக் கவர் காலி. திரும்பப் போய் வாங்கலாம்னு அவ நெனைக்கறதுக்குள்ள எங்க தெருவுல மொத கேசு வந்துடுச்சு.

இஸ்திரி போடற கன்னியப்பன். மூணாவது வூடு. வெள்ளையா மூடினு நாலு பேரு ஆம்புலன்ஸ்ல வந்து இட்டுனு போனாங்க. அந்த ஆளு தலையக் குனிஞ்சினு ஏர்றாரு, மொத்தத் தெருவும் மாடியில நின்னு போன்ல படம் புடிக்குது. அன்னைக்கே தெருவோட ரெண்டு முனையிலயும் தகரம் அடிச்சுட்டாங்க. அவரு பொண்டாட்டி கொழாய்க்கு வந்தா எல்லாரும் கொடத்த எடுத்துனு நகந்துடுவாங்க. நானும்தான் நகந்தேன். எல்லாரும் நகரும்போது நான் மட்டும் நின்னா நல்லாவா இருக்கும்? அந்த ஆளு குணமாயி வந்தாரு, கையில சர்ட்டிபிகேட்டு குடுத்து அனுப்பியிருந்தாங்க. ஒரு சட்டை இஸ்திரிக்கு வரல. கடைசில வண்டிய வித்துட்டு மச்சான் வூட்டுக்குப் போயிட்டாங்க.

அத்தக் கண்ணால பாத்தவ நான். பெரிய வூட்டம்மா ஒருத்தங்க வாரம் ஒரு வாட்டி போன் பண்ணுவாங்க. உங்க ஏரியால கேஸ் இருக்காமே கோமளா, உங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையேன்னு கேப்பாங்க. ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கோம்மான்னு சொல்லுவேன். அந்த ஒரு வார்த்தையிலதான் என் வேல நின்னுனு இருந்துச்சு.

வைகாசியில வேதாவுக்கு இருமல் திரும்பிச்சு. இந்தத் தடவை மாதிரி நான் கேட்டதே இல்ல, வயித்துக்குள்ளருந்து வரும். சாயங்காலமானா ஒடம்பு காயும். இருமல்னு வெளிய தெரிஞ்சா இன்னா ஆவும்னு உனக்கே தெரியும். காலையில காய்ச்சல் கணக்கெடுக்கற பொண்ணுங்க வருவாங்க, கையில துப்பாக்கி மாதிரி ஒண்ணு, நெத்தியில காட்டுவாங்க. யாருக்காவது இருமல் சளி இருக்குதா, வூட்ல எத்தினி பேருன்னு கேப்பாங்க. நான் மூணு பேருன்னுதான் சொன்னேன். பொய் இல்லக்கா. ரேஷன் கார்டுல மூணு பேருதான். வேதா பேரு அவ புருஷன் வூட்டுக் கார்டுல இருக்குது.

அந்தப் பொண்ணுங்க தெரு முனையில வரும்போதே டிவிய சத்தமா வெச்சுடுவேன். வேதா அடுப்பங்கரையில போய் குந்தினு மூஞ்சிய தலவாணியில அழுத்திக்குவா. இரும வந்தா தோள் ரெண்டும் தூக்கித் தூக்கிப் போடும், சத்தம் மட்டும் வராது. பழகிட்டா. நான் ஒண்ணும் சும்மா இருக்கலக்கா. மொளகு, துளசி, ஆடாதொடை, எது கெடைச்சாலும் கசாயம் வெச்சுக் குடுத்தேன். ஆவி புடிக்க வெச்சேன். எங்க பங்கு முட்டைய அவளுக்குக் குடுத்தேன். அவ அந்த முட்டைய தர்ஷினி தட்டுல போட்டுடுவா, அது வேற.

ஒரு நாளு மத்தியானம் நான் அரிசி களைஞ்சினு இருக்கேன், வந்து நிக்கறா. மெதுவா சொன்னா, "அண்ணி, ஒரு வாட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன். மாத்திரை தீந்து ரொம்ப நாளாச்சு."

தகரத்தத் தாண்டணும்னா போலீஸ்காரங்ககிட்ட எதுக்குன்னு சொல்லணும். ஒடம்பு சரியில்லன்னு சொன்னா அடுத்த நிமிஷம் ஆம்புலன்ஸ் வந்து நிக்கும். எனக்கு அந்த பயம். "சத்து மாத்திரை இல்லாட்டி செத்தா பூடுவ?"ன்னு கேட்டுட்டேன்.

வாய் தவறி வந்த வார்த்தக்கா. ஊர்ல எல்லாரும் சாதாரணமா சொல்ற வார்த்த. அவ ஏதோ சொல்ல வாயத் தொறந்தா. தர்ஷினி அங்க குந்தினு இருந்தா, அவளப் பாத்தா. அப்பால வாய மூடிக்கினு உள்ள போயிட்டா. அப்ப சொல்லியிருக்கலாம் இல்ல? நான் வாயத் தொறக்கவா வுடல?

அந்த நாள்லருந்து தெனமும் ஒரு கேள்வி கேப்பா. போன் ஏதாவது வந்துதா அண்ணி? அவ போன் தை மாசமே கீழ வுழுந்து ஒடைஞ்சுடுச்சு, ரிப்பேர் பண்ணல. எங்கயும் அண்ணன் நம்பர்தான் குடுத்திருந்தா. கம்பெனிக்காரன் போனா இருக்கும்னு மொதல்ல நெனச்சேன். தெனமும் கேக்கவும், ஓ, இவ அந்த ஓடிப்போனவன் போனுக்குக் காத்துனு இருக்கான்னு தோணிச்சு. ஊரே மூடிக் கெடக்குது, அவன் ஞாபகம் வந்திருக்கும்னு. எனக்குக் கோவம். உனக்கு வெக்கமே இல்லியாடி, அவன் கூப்ட்டா போயிடுவியான்னு திட்டிட்டேன். அப்பறமும் கேக்கறத வுடல.

போன் வந்துச்சுக்கா.

வூட்டுக்காரரு படுத்துனு இருந்தாரு. நல்ல மனுஷன்தான், குடிச்சுட்டு அடிக்கற ஆளு இல்ல. கடை மூடியிருந்தாலும் பிளாக்ல எப்படியோ புடிச்சுடுவாரு. குடிச்சா தூக்கம், எழுந்தா எது நடந்துச்சு, யார்கிட்ட இன்னா பேசினோம் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. மாமியார் செத்தன்னைக்கு யார் யார் வந்தாங்கன்னுகூட என்னைத்தான் கேட்டாரு. போன் அவரு தலைமாட்டுல. தர்ஷினி அந்த போன எடுத்து ஏதோ பாத்துனு இருந்தா. வேதா தண்ணி புடிக்கப் போயிருந்தா. போன் அடிச்சுது, தர்ஷினி என்கிட்ட நீட்டினா.

பொம்பளக் கொரல். ஆஸ்பத்திரியிலருந்து பேசறோம், வேதவல்லின்னு இந்த நம்பர் குடுத்திருக்காங்க, அவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரின்னு காதுல வுழுந்ததும் யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க, ஆம்புலன்ஸ் வரப் போவுதுன்னுதான் மனசுல ஓடுது. "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

மறுநாளும் அதே நேரம் அதே நம்பர். வேதவல்லி இருக்காங்களா, இல்ல, தெரிஞ்சவங்க யாராவதுன்னு அந்தப் பொம்பள இழுத்தாங்க. ராங் நம்பர்ம்மான்னேன். வெச்சதும் தர்ஷினிகிட்ட, இந்த நம்பர் இனிமே வராத மாதிரி பண்ணுன்னேன். அது படிச்ச பொண்ணு, அதெல்லாம் தெரியும். அத்தையதானே கேட்டாங்கன்னா. சொன்னதச் செய்யின்னேன். செஞ்சுட்டா.

முழுசா கேட்டிருந்தா மாத்திரைன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பாங்களா இருக்கும். நான் கேக்கல. அந்த நேரத்துல யாரு கேப்பாங்க? நீயே சொல்லு, நீ கேட்டிருப்பியா?

அன்னைக்கு சாயங்காலமும் வேதா கேட்டா. வரலைன்னேன்.

ஆனி பொறந்து நாலாம் நாளு. தகரத்த எடுத்துட்டாங்க, ஆனா ஊரையே மறுபடியும் மூடிட்டாங்க. காலையில வேதா கக்கூசுக்குப் போனவ திரும்பி வரல. போய்ப் பாத்தா செவுத்துல சாஞ்சினு குந்தியிருக்கா, முந்தானையில ரத்தம். வாயிலருந்து வந்தது. என்னைப் பாத்ததும் முந்தானைய மடிச்சு மறைக்கப் பாத்தா. அதுக்கு மேல யாரு பாத்தா இன்னா, யாரு படம் புடிச்சா இன்னா? எங்க வூட்டுக்காரரக் கூப்ட்டேன். அன்னைக்கு அவரு குடிக்கல. கொழந்தையத் தூக்கற மாதிரி தங்கச்சியத் தூக்கி மீன்பாடி வண்டியில போட்டாரு. நான் பின்னால குந்தி அவ தலைய மடியில வெச்சினேன். தலையில கனமே இல்லக்கா. பஞ்சு மூட்டை மாதிரி இருந்துச்சு.

மொத ஆஸ்பத்திரியில கொரோனாக்காரங்களுக்குத்தான் பெட்டு, வேற எங்கியாவது போன்னுட்டாங்க. ரெண்டாவது எடத்துல மரத்தடியில வெயிட் பண்ணச் சொன்னாங்க. வெயில் நகர நகர நாங்களும் வண்டிய நகத்தினு இருந்தோம். மத்தியானம் ஆயிடுச்சு. எங்க வூட்டுக்காரரு கண்ணுல பட்ட வெள்ளச் சட்டைக்காரங்க கால்ல எல்லாம் வுழறாரு. கடைசில உள்ள எடுத்தாங்க. சந்தேக வார்டாம். கூட யாரும் வரக் கூடாது. கொரோனாவா இல்லையான்னு தெரியற வரைக்கும் அங்கதான்.

மூணு நாளு கேட்டுக்கு வெளிய கெடந்தோம். கஞ்சி வெச்சு எடுத்துனு போவேன், ஆயாம்மா ஒருத்தங்க கையில குடுத்து, தாயி அவளுக்கு ஒரு வாய் ஊட்டி வுடுன்னு கும்புடுவேன். ஊட்டினாங்களா, கொட்டினாங்களா, யாருக்குத் தெரியும். மூணாம் நாளு சின்ன வயசு டாக்டரம்மா ஒண்ணு வெளிய வந்து கூப்ட்டாங்க. ராத்திரி பகலா தூங்காத கண்ணு. கொரோனா இல்லம்மா, நெஞ்சு எக்ஸ்ரேவுல ரெண்டு பக்கமும் ஒண்ணும் பாக்கியில்ல, டிபின்னாங்க. அப்பால கேட்டாங்க, "ஒரு மாசம் மாத்திரை சாப்பிட்டு நிறுத்தியிருக்காங்களே. ஏம்மா விட்டீங்க?"

எங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அது நெசம்தானே. அப்ப வரைக்கும் எனக்குத் தெரியாதுதானே.

அதுக்கப்புறம் வேற வார்டுக்கு மாத்தினாங்க. ஒரு பொம்பள கூட இருக்கலாம்னாங்க, நான் இருந்தேன். நாலு நாளு. நான் அவளுக்குச் செஞ்சத அவ பெத்த அம்மா செஞ்சிருக்க மாட்டாங்கக்கா. பீ மூத்திரம் எடுத்தேன். துணி தொவைச்சேன். வாய்ப்புண்ணுக்கு நெய் தடவினேன். தலைமுடி சிக்குப் புடிச்சுக் கெடந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா எண்ணெ வெச்சு எடுத்து வுட்டேன். அப்படி சிக்கெடுத்துனு இருக்கறப்பதான் பேசினா. மூச்சு வாங்கிடும் அவளுக்கு, ஒவ்வொரு வார்த்தையா பேசினா.

"அவங்க போன் பண்றேன்னு சொல்லியிருந்தாங்க அண்ணி. வர முடியலைன்னா மாத்திரைய வூட்டுக்கே கொண்டாந்து குடுக்கறோம்னாங்க. எத்தினி ஜனம் இல்ல, மறந்துட்டாங்க போல."

சீப்பு என் கையில இருக்குது. எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. அப்பால புரிஞ்சுது. தண்ணி குடிக்கிறியாடின்னு கேட்டேன். தலைய ஆட்டினா. குடுத்தேன். வேற இன்னா பண்ணுவேன் சொல்லு. சாவக் கெடக்கறவகிட்ட போன் வந்துச்சுடின்னு சொல்றதா? சொன்னா அவ நிம்மதியா போயிருப்பாளா?

மறுநாளு காலையில வெந்நி வாங்கறதுக்குக் கீழ போனேன். வந்து பாக்கறேன், பக்கத்துப் பெட்டுப் பாட்டி கையக் காட்டுது. போயிட்டா. முப்பத்தி ஆறு வயசு.

கொரோனா இல்லைன்னு எழுதிக் குடுத்ததால ஒடம்ப எங்க கையில குடுத்தாங்க. அதே மீன்பாடி வண்டியில கொண்டாந்தோம். தெருவுல ஒருத்தர் வெளிய வரல. எழுதிக் குடுத்த சீட்ட எங்க வூட்டுக்காரரு வூடு வூடா காட்டினாரு. கதவுக்குப் பின்னாலருந்தே சரி சரின்னாங்க. அவரும் வண்டி ஓட்டற இன்னொருத்தரும் நானும் தர்ஷினியும்தான் சுடுகாடு வரைக்கும் போனோம்.

பதினாறு முடிஞ்சு ஒரு பையோட டிபி ஆஸ்பத்திரித் தம்பி ஒருத்தர் வந்தாரு. வூட்ல இருக்கறவங்களுக்கு இருமல் இருக்குதா பாக்கணும், சளி குடுக்கணும்னாரு. நல்ல தம்பி, உள்ள வந்து பாயில குந்தினாரு. எங்க வூட்டுக்காரரு அவர புடிச்சுனு கேக்கறாரு. ஒரு மாசம் மாத்திரை குடுத்தீங்களே, அதுக்கப்புறம் எங்க போனீங்க, ஒரு ஆளு வந்து எட்டிப் பாத்தீங்களா. அந்தத் தம்பி நோட்டப் பொரட்டி ஒரு எடத்துல வெரல் வெச்சாரு. வரத்தான் முடியல சார், தெருவ அடைச்சிருந்தாங்க, எங்க ஆளுங்கள எல்லாம் கொரோனா டூட்டிக்குப் போட்டுட்டாங்க. ஆனா இந்த நம்பருக்கு ரெண்டு நாளு போன் பண்ணியிருக்காங்க. அந்தப் பேர்ல யாரும் இல்லைன்னு பதில் வந்திருக்குது, அதனால நம்பர் தப்புன்னு அடிச்சுட்டாங்கன்னாரு. நம்பரப் படிச்சாரு. யார் நம்பர் சார் இதுன்னு கேட்டாரு.

எங்க வூட்டுக்காரரு என் நம்பர்தான்னாரு. எந்தத் தேதின்னு கேட்டாரு. அவர் சொன்னாரு. இவரு வெரல் வுட்டு எண்ணிப் பாத்தாரு. எங்க தெரு ஆளுங்களோட சேந்து பிளாக்ல வாங்கிக் குடிச்சுனு கெடந்த வாரம் அது. அப்படியே செவுத்துல தலைய மோதினுட்டாரு. நான்தான் சொல்லியிருக்கேன், குடிச்சுட்டு நான்தான் சொல்லியிருக்கேன், என் தங்கச்சிய நானே கொன்னுட்டேன்னு அழறாரு. பதினெட்டு வருஷத்துல அவரு அப்படி அழுது நான் பாத்ததில்ல.

நான் மொறத்துல அரிசியில கல்லு பொறுக்கினு இருந்தேன். தர்ஷினி என்னையே பாத்தா. நான் தலைய நிமித்தல. சொல்லியிருக்கலாம். சொல்லணும்னுதான் இருந்தேன். அந்தத் தம்பி இருக்கும்போது எப்படிச் சொல்றது? அவரு போவட்டும்னு இருந்தேன். அவரு போனதும் இவரு சாப்பிடாம படுத்துட்டாரு. ரெண்டு நாளு கழிச்சு சொல்லலாம்னு இருந்தேன். ரெண்டு நாளு கழிச்சு எழுந்து, வண்டி சீட்டுக்கு அடியில வெச்சிருந்த பாட்டில எடுத்தாந்து என் கண்ணு எதிர கால்வாயில ஊத்தினாரு.

அன்னைக்கு வுட்டதுதான்க்கா. நான் கெஞ்சியிருக்கேன், மாரியாத்தாவுக்கு வேண்டினு தீ மிதிச்சிருக்கேன், எங்கம்மா வூட்டுக்குக் கோவிச்சினு போயிருக்கேன், வுடாத மனுஷன். இப்ப தொடறதில்ல. கடை தொறந்தும் போறதில்ல. வேல முடிஞ்சா நேரா வூடு. பொண்ணுக்கு இந்தக் கட்டி வந்ததுலருந்து மாத்திரைய அவருதான் எண்ணி எடுத்துக் குடுக்கறாரு, முழுங்கற வரைக்கும் எதிர நின்னு பாக்கறாரு. தங்கச்சிக்குச் செய்யாதத பொண்ணுக்குச் செய்யறேன்னு சொல்றாரு. அப்படி இருக்கறவர்கிட்ட போயி நான் இன்னா சொல்லுவேன்? சொன்னா நாளைக்கே மறுபடியும் குடிப்பாரு. எனக்காகச் சொல்லாம இருக்கலக்கா. பொண்ணுக்காகத்தான். அதுக்கு நல்ல அப்பன் வேணாமா?

தர்ஷினி என்கூட பேசறதில்ல. கேட்டா ஊம், இல்லன்னு ஒரு பதில். அத்தை போன துக்கம். அதான் வேற ஒண்ணும் இல்ல. காலப்போக்குல சரியாப்பூடும்.

அவருதான் மெலிஞ்சுட்டாரு. வயித்துக்கு நல்லா போடறேன், ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. வேல முடிஞ்சு வந்து சும்மா குந்தியிருப்பாரு, திடீர்னு கேப்பாரு. நான் அன்னைக்கு எப்படி சொன்னேன்? கோவமா சொன்னேனா? அவங்க வேதா பேரச் சொன்னப்ப எனக்கு ஒறைக்கவே இல்லியா? எவ்வளவோ யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் வர மாட்டேங்குது கோமளா. வந்துட்டா பரவாயில்ல, வராததுதான் என்னைக் கொல்லுது. இதையே மாத்தி மாத்திக் கேப்பாரு. நான் எழுந்து அடுப்பாண்ட போயிடுவேன்.

போன வெள்ளிக்கெழம சாயங்காலம் நான் பூண்டு உரிச்சினு இருக்கேன். பக்கத்துல வந்து குந்தினாரு. அப்பால, "அன்னைக்கு நீ வூட்லதானே இருந்த, உனக்குத் தெரிஞ்சிருக்கும், எனக்கு பயந்துனுதானே சொல்லாம இருக்க? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், சொல்லு"ன்னு என் கையப் புடிச்சினாரு. தர்ஷினி வாசப்படியில குந்தி எழுதினு இருந்தா. எழுதறத நிறுத்திட்டா.

அவரு மூஞ்சியப் பாக்க முடியலக்கா. எத்தினி நாளுதான் ஒரு மனுஷன் அப்படிக் கேட்டுனே இருப்பாரு?

சொன்னேன். மத்தியான நேரம், நீ பாயில படுத்துனு இருந்த, போன் அடிச்சுது, கண்ணத் தொறக்காமலே எடுத்த. கோவமால்லாம் பேசல, தூக்கத்துல பேசற மாதிரிதான் சொன்ன, சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்ட, நான் அப்ப வேற யாரோன்னு நெனச்சுட்டேன்னு சொன்னேன்.

அவரு கண்ண மூடினு கேட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் தலைய ஆட்டினாரு.

"ஆமா கோமளா"ன்னாரு. "இப்ப ஞாபகம் வருது."